கழுவித் திருப்பிக் கொடுத்த டிரம்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, டெபுடி கென்னார்ட். போலீஸ் ஸ்டேஷன் பேனா பாதியில் மக்கர் பண்ணும் என்று நினைத்து வீட்டிலிருந்து இரண்டு எடுத்து வந்தேன். தேவைப்படவில்லை. காபிதான் கொஞ்சம் ஆறிவிட்டது, பரவாயில்லை.

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க பெரியவரே, ஒரு பக்கம் போதும்" என்றீர்கள். ஒரு பக்கம் போதாது. அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அதோடு, யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'யாரோ பைத்தியக்காரன் செய்த வேலை' என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதாகப் பெட்ரோல் பங்கில் பேசிக்கொண்டார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். எந்தப் பைத்தியக்காரனும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யமாட்டான்.

என் பெயர் ஆர்லிஸ் புரூவிட். வயது அறுபத்து மூன்று. முப்பது வருடம் இந்தக் கவுண்டியில், அதாவது இந்த மாவட்டம் முழுக்க, பெட்ரோல் பம்புகளின் அளவு சரியா என்று சோதிக்கிற வேலை பார்த்தேன். ஒரு கேலனுக்கு ஒரு ஸ்பூன் குறைந்தாலும் பம்பில் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. மனைவி நெல்டா. உங்களிடம் புகார் கொடுத்திருக்கிற ராய்ஸ் ஸ்டோவல் அவளுடைய தம்பி. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு.

ராய்ஸின் டிரம், அதாவது அவனுடைய கறி அடுப்பு, பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், எங்கள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வரப்போகிறவர்களுக்குக் கறி வாட்டிப் போட அடுப்பு போதாது என்று தெரிந்தது. கரும்புப்பாகு ஆலையிலிருந்து ஒரு காலி இரும்பு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தான் ராய்ஸ். ஒரு கையில் பீர், ஒரு கையில் துளை போடும் மிஷின். அளவு நாடாவைத் தொட்டானா என்று கேளுங்கள். காற்றுக்காக அடியில் மூன்று துளை, அதில் ஒன்று மற்றதைவிடப் பெரிது. உள்ளே கறி வைக்கிற கம்பி வலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூடிக்குக் கைப்பிடி, செத்துப்போன ஒரு ஃப்ரிட்ஜின் கதவுப்பிடி. வெப்பமானி கிடையாது. மூடியின்மேல் உள்ளங்கையை வைப்பான், கொஞ்ச நேரம் யோசிப்பான், "இன்னும் கொஞ்சம்" என்பான். அவ்வளவுதான் அவனுடைய விஞ்ஞானம்.

அதில் வெந்த மாட்டு நெஞ்சுக்கறியை இருநூறு பேர் தின்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. உண்மையை மறைக்க மாட்டேன். என் கல்யாணத்தில் என்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, கறியைப் பற்றியே பேசினார்கள்.

அடுத்த வருடம் நானும் ஒரு டிரம் அடுப்பு செய்தேன், முறைப்படி. டிரம்முக்குள் விறகைப் போட்டுக் கொளுத்தி, உட்பூச்சு முழுக்கப் பொசுங்கும்வரை எரித்தேன். அடியில் ஒரே அளவில் நான்கு துளைகள், நான்குக்கும் பித்தளை வால்வு. கரி வைக்கக் கம்பிக் கூடை. கரிக்கும் கறிக்கும் நடுவில் சரியாக இருபத்து நான்கு அங்குலம். ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் கம்பி வலையை மாட்டினேன். வெப்பமானி மட்டும் மூன்று. ராய்ஸ் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "மச்சான், இது அடுப்பா, ஆஸ்பத்திரியா?" என்றான். நான் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

முதல் கறியைப் பன்னிரண்டு மணி நேரம் வாட்டி, நெல்டாவின் தட்டில் ஒரு துண்டு வைத்தேன். அவள் அதை வாயில் வைக்கவில்லை. சாஸ் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள்.

நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், தம்பி. ஒருவன் நாள் முழுக்கப் புகையில் நின்று வாட்டிய கறியில், ருசிகூடப் பார்க்காமல் சாஸை ஊற்றினால், அவன் மூஞ்சியில் ஊற்றின மாதிரி.

"ருசி பாத்துட்டு ஊத்தக் கூடாதா, நெல்டா?"

"கோவிச்சுக்காத ஆர்லிஸ். தொண்டையில எறங்கணும்ல?"

அதே நெல்டா, ராய்ஸ் வீட்டில் சாப்பிடும்போது சாஸ் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். 'ம்ம்' என்று ஒரு சத்தம் போடுவாள். இந்த இருபத்தாறு வருடத்தில் அந்த 'ம்ம்' ஒரு தடவைகூட என் கறிக்கு வந்ததில்லை. நான் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அவள் என் கறியில் ஒரு துண்டை, ஒரே ஒரு துண்டை, சாஸ் இல்லாமல் சாப்பிட வேண்டும். பொறாமை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தக் குணமே கிடையாது.

ஏழு டிரம் செய்தேன். ஒவ்வொன்றும் போனதைவிட உசத்தி. ஏழிலும் சாஸ்.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். ராய்ஸுக்குச் சமைக்கத் தெரியாது, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முட்டை வேகவைத்தால்கூடப் பாத்திரம் தீயும். அப்படியென்றால் சூட்சுமம் அவனிடம் இல்லை, டிரம்மில் இருக்கிறது. அவன் குடும்பத்தோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு வாரம், நான் அளவு நாடாவோடு வேலி தாண்டினேன். மொத்தம் நாற்பத்தோரு அளவுகள் எடுத்தேன்.

எட்டாவது டிரம்மை அதற்கு இரட்டைப் பிள்ளையாகச் செய்தேன். மூன்று துளை, ஒன்று பெரிது. சாய்ந்த கம்பி வலை. ரசமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதே ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்காக மூன்று கவுண்டிகளின் பழைய இரும்புக் கடைகளையும் சல்லடை போட்டேன். ராய்ஸின் டிரம்மில் ஏழு நசுங்கல். ஒவ்வொன்றையும் அதே இடத்தில், அதே ஆழத்துக்கு, சுத்தியலால் அடித்து உண்டாக்கினேன். உப்புத் தண்ணீரும் வினிகரும் தெளித்துத் துரு ஏற்றினேன். ஒரு தடவை அவன் குப்பையைக் கிளறிய ரக்கூனைத் துப்பாக்கியால் சுடப்போய்த் தன் டிரம்மையே சுட்டான் அல்லவா, அந்த ஓட்டைக்காக நானும் அதே தூரத்தில் நின்று சுட்டேன். மூன்றாவது குண்டுதான் பட்டது. முதல் குண்டு எதிர்வீட்டு ஹாலிஸின் தபால் பெட்டியில் போய்ப் பட்டது. போன வருடத்திலிருந்து நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஆள் நான்தான். அந்த ஃபைலையும் மூடிவிடுங்கள்.

வெளியே சரி. உள்ளே? அவன் டிரம்மின் உட்பக்கம் வருஷக்கணக்கான புகையும் கொழுப்பும் ஏறி, விரல் கனத்துக்குக் கருப்பாக இறுகிக் கிடந்தது. அதை அவன் ஒரு நாளும் கழுவியதில்லை. நம் ஊரில் யாருமே கழுவமாட்டோம், அதுதானே அடுப்பின் உயிர். நான் நாற்பது ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கொழுப்பை மட்டும் வாட்டினேன். கருப்பு ஏறியது. அவனுடையதில் பாதி கனம்கூட வரவில்லை. பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆகவே மாற்றிவிட்டேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, எல்லோரும் சர்ச்சுக்குப் போனார்கள். முதுகு வலிக்கிறது என்று நெல்டாவிடம் சொன்னேன். கைவண்டியில் என் டிரம்மைக் கொண்டுபோய் அவன் இடத்தில் வைத்துவிட்டு, அவனுடையதை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். இருபது நிமிடம் ஆனது. திருட்டு என்று நீங்கள் எழுத நினைக்கலாம். ஒன்றை எடுத்தேன், ஒன்றை வைத்தேன். அவன் முற்றத்தில் டிரம்மின் எண்ணிக்கை குறையவேயில்லை.

மே மாதம் தீயணைப்புத் தொண்டர் தினத்துக் கறிப்போட்டி. நீங்களும் நடுவர் மேஜையில் உட்கார்ந்திருந்தீர்கள், சட்டையெல்லாம் கொழுப்பு. ராய்ஸ் என் டிரம்மில் தீ மூட்டினான். மூடியில் உள்ளங்கையை வைத்தான். கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்தேன். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "அம்மணி இன்னிக்கு நல்ல மூட்ல இருக்கா" என்றான். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

முடிவு உங்களுக்குத் தெரியும். ராய்ஸ் முதல். அவனுடைய டிரம்மை யார் கண்ணிலும் படாமல் தார்ப்பாய்த் தடுப்புக்குப் பின்னால் வைத்து, அதில் சமைத்த நான், பதினோரு பேரில் ஒன்பதாவது.

பரிசு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நெல்டா என் மேஜைக்கு வந்தாள். நான் ஒரு துண்டை நீட்டினேன். அவள் அதை மோந்து பார்த்தாள், புருவம் ஏறியது. இன்றைக்குத்தான், இன்றைக்குத்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் கை மெதுவாகக் கைப்பைக்குள் போனது. சாஸ் பாட்டிலைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள், தம்பி.

மேடையில் ராய்ஸ் என் டிரம்மைத் தட்டிக்கொடுத்தான். "இவ மேல இருபத்தாறு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லடா! எங்கக்கா கல்யாணத்துல பொறந்தவ இவ!" ஊரே கை தட்டியது. என் நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கிடைத்த கைதட்டல் அது. நானும் தட்டினேன்.

ஒரு வாரம் அமைதியாக யோசித்தேன். அவன் ஜெயித்தது என் டிரம்மில், அதனால் ஜெயித்தது நான். கணக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. இன்னொருவன் பொருளை ஷெட்டில் வைத்துக்கொண்டிருப்பதும் மனசை உறுத்தியது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டை எச்சிலோடு யாராவது திருப்பிக் கொடுப்போமா? கழுவித் துடைத்துத்தான் கொடுப்போம். என் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள்.

ஆகவே கழுவினேன். ராய்ஸின் டிரம்மைக் கழுவியது நான்தான். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை நான்கு மணிவரை. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மிஷின், கொதிநீர், காஸ்டிக் சோடா, கம்பிப் பிரஷ். மேல் அடுக்கு மரப்பட்டை மாதிரி பாளம் பாளமாக வந்தது. அதற்கடியில் வெள்ளம் வந்த வருடம், எட்டு நாள் ஊருக்கே அவன் சோறு போட்டது. அதற்கடியில் என் மாமனார் சாவுக்கு வாட்டிய கறி. அதற்கடியில் ஞானஸ்நானங்கள், புட்பால் வெற்றிகள். எல்லாம் வந்தது. கடைசியாக இரும்போடு ஒட்டிய ஒரு மெல்லிய பழுப்புப் பூச்சு மட்டும் போகமாட்டேன் என்றது. அது எங்கள் கல்யாணம். எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். காஸ்டிக் சோடா நெடி அப்படி. பிறகு எழுந்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போய்விட்டது.

உள்ளே பார்த்தால் என் முகம் தெரிந்தது. எலுமிச்சை சோப்புப் போட்டு அலசி, துண்டால் துடைத்தேன். புதன்கிழமை ராய்ஸ் பல் டாக்டரிடம் போன நேரத்தில் அவனுடையதை அவன் இடத்தில் வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்துவந்தேன்.

மூடியைத் திறந்தவன் போட்ட அலறல் நான்கு வீடு தள்ளிக் கேட்டதாம். நான் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயசு ஆள், மூடியை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதான். ஒரு மணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சாவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி, சீஸும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மூடி போட்டுக் கொண்டுவந்தார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். ஒரு டிரம்முக்கு.

நெல்டா கையை உள்ளே விட்டுத் தடவினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அழுக்கே இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு தலையைத் தூக்கி வேலிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள்.

"எலுமிச்சை வாசம் வருது, ஆர்லிஸ்."

"ஆமா."

"அடப்பாவி மனுஷா. நம்ம கல்யாணக் கறி வெந்த டிரம்முய்யா இது!"

"தெரியும் நெல்டா. அதுதான் கடைசியா வந்துச்சு."

அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆறுதல். வீட்டுக்குள் போய் இரண்டு பெட்டி கட்டினாள். அவள் அம்மா கொடுத்த கடிகாரம், நாய், தலையணை, ஊறுகாய் ஜாடிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்று ராய்ஸ் வீட்டு ஜன்னலில் அவளைக் கண்டு கையசைத்துப் பார்த்தேன், திரை மூடிக்கொண்டது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

இத்தனை நம்பிக்கை எனக்கு எப்படி என்று நீங்கள் கேட்கலாம். கைப்பையில் இருந்த, பாதிக்கும் மேல் மிச்சமிருந்த அந்த சாஸ் பாட்டிலை, வெளியே போகும்முன் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இருபத்தாறு வருடமாகக் கையை விட்டு இறங்காத பாட்டில், தம்பி. என் கறிக்கு இனிமேல் சாஸ் தேவையில்லை என்று கடைசியில் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டாள்.