எட்டு அடுக்குத் துணி

மரத்தை இழைக்கிறவர்களுக்குச் சட்டென்று கோபம் வராது இன்ஸ்பெக்டர் சார். வந்தால் உளி விரலில் இறங்கிவிடும். அதனால், தம்பி மேல் இருந்த கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நான் கிட்டார் செய்கிறவள். கிட்டாரின் முன்பக்கத் துளை, கேட்க வந்தவர்களுக்கு. வாசிக்கிறவனுக்கு மிச்சம் மீதிதான். அதற்காகவே பக்கவாட்டில், அவன் காதைப் பார்த்தாற்போல இன்னொரு சின்னத் துளை போடுவேன். அதற்குக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மர மூடி; சல்லடை மாதிரி கண் கண்ணாகக் குடைந்தது. தம்பிக்குச் செய்து கொடுத்தபோது, "அக்கா, எனக்கே எனக்குன்னு ஒரு கச்சேரி வச்சுட்டே" என்று குதித்தான்.

பிறகு ஒரு இசைக்குழு அவனைக் கூப்பிட்டது. மூன்று வருடம், வெளிநாடு.

"நீ தனியா இருந்துப்பேல்லக்கா?"

இருந்துக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? காலைக் கட்டிக்கொண்டு அழவா?

அந்த வாரமே மூடியின் உட்பக்கம் கறுப்புத் துணி ஒட்டினேன். வாரத்துக்கு ஒரு அடுக்கு. நீங்கள் ஏழு என்று எண்ணியிருக்கிறீர்கள், எட்டு. கடைசி அடுக்கு ரொம்ப மெல்லிசு.

மழைக்காலம், ஈரம் ஏறும், மூடியைக் கழற்றாதே என்றேன். கழற்றவில்லை. நான் சொன்னால் தட்டமாட்டான்.

"நாதம் மங்கிட்டே போகுது. கிட்டார்ல எதையாவது மாத்தினியாக்கா?"

"தொடவே இல்லையேடா. எதுக்கும் காதைக் காட்டு."

காட்டினான். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் கேக்குது. நாதம் மட்டும் செத்துப்போச்சு. காது பாக்குற மெஷின் தப்பாச் சொல்லும்க்கா. நீ செஞ்ச கிட்டார் சொல்லாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

வர முடியாது என்று குழுவுக்கு எழுதிப்போட்டான். கிட்டாரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். பேச்சு குறைந்தது. நான் வேளாவேளைக்குச் சூடாகச் சமைத்துப் போட்டேன், பாதிதான் சாப்பிட்டான். தூக்கம் வரவில்லை என்றான். மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். மொத்தத்தையும் ஒரே வாயில் விழுங்குவான் என்று யார் கண்டது?

துணி ஒட்டியது, பொய் சொன்னது, டாக்டர் சொன்னதை அவன் நம்பாமல் போனபோது பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தால் என்னை உள்ளே விடுங்கள். பயந்த சுபாவம் சார். அவனைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?