தொடங்கலாமான்னு கேப்பாங்க

கழுத்துகிட்ட வேணாம் தம்பி, இந்த இறகு உரசி உரசி உங்க மைக்குல கரகரன்னு கேக்கும். தோள் பக்கம் மாட்டுங்க. தலை நரைச்ச மனுஷனைப் போய்த் தம்பிங்கிறாளேன்னு நினைக்காதீங்க, உங்களை விட எனக்குப் பத்து வயசாவது கூட இருக்கும்.

தலைல இருக்கற இந்த இறகுக் கிரீடமா? அதை ஏன் கேக்கறீங்க. உள்ள பாருங்க, விலைச்சீட்டு கூட இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. கோழி இறகு, சாயத்துல முக்கினது. எங்க ஜனத்துல ஆணும் சரி பொண்ணும் சரி, தலைல இறகு வெச்சதே கிடையாது. அலங்காரம் பண்ண வந்த பொண்ணுகிட்ட சொன்னேன். டிவில பாக்கறவங்களுக்கு நீங்க யாருன்னு புரியணும்லக்கான்னுச்சு. நான் யாருன்னு எனக்கே புரியலைம்மான்னேன். அது காதுல வாங்கல, மூஞ்சில மூணு கோடு போட்டுட்டுப் போயிடுச்சு.

இந்த இறகு ஒட்டின பசை நாத்தம் குமட்டுது தம்பி. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பாக்கறவ. ரத்தம், சீழ், வாந்தின்னு இந்தக் கை படாத துணி இல்ல. ஒரு நாள் மூக்கைப் பொத்தினதில்ல. இன்னிக்கு அந்தக் கண்ணாடில என்னைப் பாத்தப்ப வந்துச்சு பாருங்க ஒரு அருவருப்பு. செருப்பையும் கழட்டச் சொல்லிட்டாங்க. வெறுங்கால்ல நடந்தாத்தான் மண்ணின் மக்களாம். மேடை பூரா கம்பளம் விரிச்சு வெச்சிருக்காங்க, மண்ணு எங்க இருக்கு.

உங்களுக்குத் தெரியாதா? ஓ, இந்த அரங்கத்துக்கே புதுசா. ஒற்றுமை நாள் விழான்னா முதல்ல எங்க ஆளு ஒருத்தர் மேடை ஏறணும். மந்திரி எந்திரிச்சு நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு, இந்த மண்ணின் மூத்த குடியே, தொடங்கலாமான்னு கேப்பாரு. நாங்க, சரி தொடங்குங்கன்னு சொல்லணும். கைதட்டுவாங்க, இறங்கிடலாம். அதுக்கப்பறம் எல்லா ஜனமும் ஆளுக்கொரு கலர்ல வந்து ஆடும், நாமெல்லாம் ஒண்ணுன்னு பாட்டு வரும். அதை உக்காந்து பாக்கறதுக்கு எங்களுக்குன்னு ஒரு நாற்காலி கிடையாது.

உங்க தாத்தா கப்பல்ல வந்தவரா? ரோடு போட வந்தாரா. நல்லா இருங்க தம்பி, உங்க மேல எனக்கென்ன. உங்களைப் பாத்து, எப்ப ஊருக்குத் திரும்பிப் போவீங்கன்னு கேக்கறவங்களும் அதே முன் வரிசைலதான் உக்காந்திருக்காங்க. உங்களைப் பின்னால வந்தவங்கன்னு சொல்லி மட்டம் தட்டுவாங்க, எங்களை வேருன்னு சொல்லித் தூக்கி வெப்பாங்க. வேருன்னா பெருமைன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். வேர் மண்ணுக்குள்ளயே கிடக்கணும்ல, தலையைத் தூக்கக் கூடாது. அதான் விஷயம்.

ஏழெட்டு வருஷம் முன்ன வரைக்கும் எங்க அண்ணன்தான் வந்துக்கிட்டிருந்தான். ஆமா, டிவில பாத்திருப்பீங்க, உயரமா, குரல் கணீர்னு இருக்கும். ரொம்பப் பெருமை அவனுக்கு. மந்திரியே நம்மளைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கிறாருன்னு தெருத்தெருவாச் சொல்லிட்டு வருவான். ஒவ்வொரு வருஷமும் ஒரு சுவர்க் கடிகாரம் குடுப்பாங்க, அரசாங்க முத்திரை போட்டது. வீட்டுச் சுவர் பூரா கடிகாரம், ஒண்ணு கூட இன்னொண்ணோட ஒத்துப் போகாது. மணி என்னன்னு பாக்க நாங்க பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும்.

அப்படியே ஒரு வருஷம் ஆத்தங்கரைல விழா வெச்சாங்க. அங்கதான் அணைக்கு அடிக்கல்லும் நட்டாங்க. அண்ணனுக்கு அது தெரியாது. எப்பவும் போலத் தொடங்கலாமான்னாங்க, இவனும் எப்பவும் போல, சரி தொடங்குங்கன்னான். அடுத்த மாசம் ஆத்தங்கரைல இருந்த எங்க வீடெல்லாம் காலி பண்ணணும்னு ஆளு வந்துட்டான்.

கோர்ட்டுக்குப் போனோம். போகாம இருப்போமா. எங்களைக் கேக்கவே இல்லையேன்னு எங்க வக்கீல் சொன்னாரு. அவங்க வக்கீல் ஒண்ணும் பேசல தம்பி, ஒரு டிவியைக் கொண்டாந்து வெச்சாரு. அதுல அண்ணன். சரி, தொடங்குங்க. திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினாங்க. அது விழாவுக்குச் சொன்னதுய்யா, சும்மா சடங்குய்யான்னு அண்ணன் எந்திரிச்சுக் கத்தினான். நாடே பாத்துக்கிட்டிருக்கறப்ப சொன்னது எப்படிய்யா சும்மாவாகும்னுட்டாரு நீதிபதி. முடிஞ்சு போச்சு. நாங்க பொறந்த வீட்டு மேல இப்ப தண்ணி நிக்குது, அதுல படகு விடறாங்க.

அதுலேர்ந்து அண்ணன் சரிங்கிற வார்த்தையைச் சொல்றதில்ல. மத்ததெல்லாம் பேசுவான். இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமான்னா தட்டை நகத்துவான், சரின்னு வாயில வராது. டாக்டர் ஊசி போடலாமான்னு கேட்டாரு. கையை நீட்டினானே ஒழிய ஒரு வார்த்தை சொல்லல. பேத்தி வெளையாடப் போகட்டுமா தாத்தான்னு நின்னுக்கிட்டே இருக்கும். எங்களுக்கு முதல்ல சிரிப்பா வந்துச்சு. அப்பறம் வரல. ஒரு நாள் கடிகாரத்துல இருந்த பேட்டரியெல்லாம் கழட்டிக் குப்பைல போட்டான்.

நடுவுல எங்க ஜனத்துலயே வேற ஊர் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. இந்த வருஷம் மறுபடியும் எங்க வீட்டுக்கே கூப்பிட வந்தாங்க, ஏதோ நேத்துதான் பாத்துட்டுப் போன மாதிரி. அண்ணன் எந்திரிச்சு உள்ள போயிட்டான். அதனால என்னைக் கேட்டாங்க. இன்னிக்கு எதுக்கு அடிக்கல்லுன்னு தெரியுமா? வெளில அவ்வளவு பெரிய பலகை வெச்சிருக்காங்களே, பாக்கலையா. மூத்தகுடி பண்பாட்டுப் பூங்கா. எங்க வெக்கப் போறாங்க? மேல் மலைல, எங்க தெருவுல. ஆத்தங்கரைலேர்ந்து எங்களைக் கொண்டு போய்ப் போட்ட அதே தெரு. எங்க பண்பாட்டைக் காட்டறதுக்கு நாங்க இடத்தைக் காலி பண்ணணுமாம். வேணும்னா காலைல வந்து, நாங்க வாழ்ற மாதிரி நடிச்சுக் காட்டிட்டு சாயங்காலம் போகலாமாம், சம்பளம் உண்டாம். கல்யாணம் பண்ற மாதிரி காட்டணும், அழற மாதிரி காட்டணும். அதைச் சொல்றப்ப அந்த அதிகாரி மூஞ்சில ஒரு சந்தோஷம். காறித் துப்பலாம்னு வந்துச்சு, எங்க வீட்டுத் தரையாச்சேன்னு விட்டுட்டேன்.

வந்தவங்களை அனுப்பிட்டு, தெருவுல எல்லாரும் உக்காந்து பேசினோம். அப்பறம்தான் வரேன்னு சொல்லி அனுப்பினேன். காலைல ஒத்திகைல நான் வாயைத் திறக்கல, தலையை மட்டும் ஆட்டினேன். பாவம், கூச்சப்படறா, மேடைல சொல்லிடுவான்னு அவங்களே பேசிக்கிட்டாங்க.

இது நேரா ஒளிபரப்பாகுதுல்ல? சொன்னது சொன்னதுதான், அழிக்க முடியாது? நல்லது. இந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா எல்லாருக்கும் கேக்குமா? அதுவும் நல்லது.

ஒண்ணுமில்ல தம்பி. அவரு தொடங்கலாமான்னு கேப்பாருல்ல, வேணாம்னு சொல்லப் போறேன். அவ்வளவுதான். சரின்னு சொன்னதைக் கோர்ட்டுல எடுத்துக்கிட்டாங்கள்ல, இதையும் எடுத்துக்கட்டும். அந்த ஒரு வார்த்தை முடியற வரைக்கும் பட்டன் மேல கையை வெச்சிடாதீங்க. உங்களை யாராவது கேட்டா, அந்தப் பொம்பளை என்கிட்ட ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லிடுங்க. புள்ளகுட்டிக்காரரு நீங்க.

கூப்பிடறாங்க. இதைப் பிடிங்க, இந்த இறகு இங்கயே இருக்கட்டும், என் தலையோட போறேன்.

காலைல கிளம்பறப்ப அண்ணன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். கட்டில்ல உக்காந்து அந்தக் கடிகாரத்தையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தான். அண்ணா, நான் போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்னேன்.

சரின்னான்.