டோரதிக்குக் கிடைத்த விசா

விசா ஃபைலுக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. கவுண்டரில் இருப்பவர் தாளைப் பிரிக்கும்போது ஓரம் கிழியும், கிழிந்தால் எரிச்சல் வரும், எரிச்சல் வந்தால் கேள்வி வரும். நான் ஜெம் கிளிப்தான் போடுவேன். பெங்களூர் நீலசந்திராவில் பதினாறு வருடங்களாக இந்த வேலை செய்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். நான் தயார் செய்து கொடுத்த ஒரு ஃபைல்கூடத் திரும்பி வந்ததில்லை. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை.

என் பெயர் ரெமிஜியஸ். வார நாட்களில் ஜெராக்ஸ் கடையும் விசா ஃபைல்களும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதித் தருவேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஃபாதர்தான் அந்த வேலையைக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத எங்கள் ஆட்கள் பாஸ்போர்ட் எடுக்க அந்தத் தாள்தான் துணை.

யூனிஸ் போன வருடம் செப்டம்பரில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் இல்லை. அவர் தைத்துக்கொண்டிருந்த கார்மென்ட்ஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். மகள் சிந்தியாவுக்குப் பதினேழு வயது. வளைகுடாவில் வீட்டு வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சில ஏஜென்டுகள் இந்த மாதிரிப் பெண்களை விசிட் விசாவில் ஏற்றிவிட்டுக் கைகழுவிவிடுவார்கள். எனக்கு அது அறவே ஆகாது. வேலைக்குப் போகிறவர் முறையான வேலை விசாவில் போக வேண்டும். ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நம் அரசாங்கத்தின் விதி.

"ஏதாச்சும் வழி இருக்காண்ணா?" என்றார் யூனிஸ்.

இருந்தது. யூனிஸுக்கு முதலில் பிறந்த பெண் மூன்றாம் மாதமே இறந்துபோனது எனக்குத் தெரியும். டோரதி, 1971. இருந்திருந்தால் முப்பது ஆகியிருக்கும். எங்கள் பங்கில் ஞானஸ்நானத்துக்கு ஒரு புத்தகம், அடக்கத்துக்கு வேறு புத்தகம். இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருக்கும். முதல் புத்தகத்தைப் பார்த்து டோரதிக்குச் சான்றிதழ் எழுதி, மற்றவற்றோடு சேர்த்து வைத்து ஃபாதரிடம் கையெழுத்து வாங்கினேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. அதே தாய், அதே தகப்பன், அதே தெரு.

"அப்ப எனக்குப் பதிமூணு பர்த்டே கேக் பாக்கி இருக்கு அங்கிள்," என்றாள் சிந்தியா. கலகலப்பான பெண். சேலை கட்டி, கொண்டை போட்டு, அம்மாவின் கண்ணாடியை மாட்டி ஃபோட்டோ எடுத்தோம். "ஐயோ, எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியே இருக்கேன்," என்று அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

கேள்விகளுக்குத் தயார் செய்ய மூன்று வாரம் ஆயிற்று. பின்னாலிருந்து "சிந்தியா" என்று கூப்பிடுவேன். திரும்பக் கூடாது. "டோரதி" என்றால் திரும்ப வேண்டும். வீட்டிலும் அப்படியே கூப்பிடச் சொல்லியிருந்தேன். இரண்டாம் நாளே யூனிஸ் கடைக்கு வந்து அழுதார்.

"என்னால முடியலண்ணா. மண்ணுல போட்ட புள்ளையக் கூப்புடற மாதிரி இருக்கு."

"கூப்ட்டா திரும்பிப் பாக்குதில்ல? சந்தோஷப்படுங்கம்மா," என்றேன்.

விசா சுலபமாகக் கிடைத்தது. ஜனவரியில் விமானம் ஏறினாள். "ஸ்வல்ப பயமா இருக்கு அங்கிள். திரும்பி வரப்ப கேக் ரெடியா இருக்கணும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஜூனில் ஒரு மத்தியானம் கடைக்கு ஃபோன் வந்தது. "அங்கிள், நான் சிந்தியா பேசறேன்." இவ்வளவு பழக்கியும் பெயரை மாற்றிச் சொல்கிறாளே என்றுதான் முதலில் தோன்றியது. அந்த வீட்டு முதலாளி தன்னை என்ன செய்தான் என்று சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை, யூனிஸ் இதைப் படிக்கக்கூடும். தப்பித்துப் பெண்களுக்கான ஓர் அடைக்கல இல்லத்துக்கு வந்திருந்தாள்.

"எனக்குப் பதினேழுதான்னு இவங்ககிட்டச் சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க. சர்ச்சுக்கு ஃபேக்ஸ் அனுப்புவாங்களாம். நீங்க உண்மைய எழுதுங்க அங்கிள், அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபேக்ஸ் என் மேசையில் இருந்தது. தெளிவாகவே கேட்டிருந்தார்கள். பதினெட்டு ஆகாத பெண் என்றால் உடனே ஊருக்கு அனுப்பிவிடலாம். முப்பது வயது என்றால் ஒப்பந்தப்படி முதலாளியிடமே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இந்தப் பெண் யார்?

ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து, அதில் இருந்தபடி எழுதினேன். டோரதி, பிறந்தது 1971. பங்கின் முத்திரையை வைத்து அனுப்பினேன். உண்மையை எழுதத்தானே அவளும் சொன்னாள்.

என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். தெரிந்துதான் எழுதினேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் நான் செய்த ஃபைல் பொய் என்று ஆகியிருக்கும். பதினாறு வருடம், சார்.

முதலாளி வீட்டுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் நான்காவது மாடியிலிருந்து விழுந்துவிட்டாள். விழுந்தாளா, தள்ளினார்களா என்று பார்ப்பது அந்த ஊர் போலீஸின் வேலை. பெட்டி வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு என்பதால் சொந்தக்காரர் குழியிலேயே அடக்குவது வழக்கம். யூனிஸ் தன் குழந்தையின் குழியைக் கேட்டார். குழி எண் பார்க்க ஃபாதர் 1971ஆம் வருட அடக்கப் புத்தகத்தை எடுத்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அதே பெயர், அதே பெற்றோர், வயது மூன்று மாதம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டாவது புத்தகத்தை ஒருநாள் யாராவது திறப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. என் வேலையில் அது ஒன்றுதான் குறை.

சிந்தியாவின் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தாள்களையும் ஒரு முறை பாருங்கள். இறந்தது டோரதி என்றுதான் அந்த ஊர்ச் சான்றிதழ் சொல்கிறது. சிந்தியா பெங்களூரை விட்டுப் போனதாக எந்தத் தாளிலும் இல்லை. போன வாரம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. இனி அவள் தன் பெயரிலேயே பாஸ்போர்ட் எடுக்கலாம். யூனிஸிடம் சொல்லுங்கள், விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன்.