கரிமணி என்ற பெயரால் எனக்கு மனவருத்தம் இல்லை

மைசூர், 8.10.1996, முற்பகல் பதினொரு மணி.

என் பெயர் பொன்மணி. வயது முப்பத்து மூன்று. கணவர் கொத்தனார். சொந்த ஊர் ஹனூரை அடுத்த கௌதள்ளி. கல்யாணமாகி வந்த நாளாகப் பன்னிரண்டு வருடமாய் மைசூர் மண்டி மொகல்லாவில் குடியிருந்து, அங்கேயே பசவராஜ் என்பவருடைய ஊதுபத்தி கம்பெனியில் பத்தி உருட்டும் வேலை செய்து வருகிறேன். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்று சொன்னதால், கொள்ளேகாலத்துக்காரரான ஏட்டையா நான் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதுகிறார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

நேற்று என் தம்பி மாதப்பன் கம்பெனிக்கு வந்து எடைக்கல்லை எறிந்து முன்பக்கக் கண்ணாடியை உடைத்தது பற்றி விசாரிக்க, நான் சொல்வதாவது:

இந்த வருடம் ஆவணியில், தசராவுக்குப் புதுப் பத்தி ஒன்று போடுவதென்று முதலாளி ஒரு லேபிள் படம் வாங்கி வந்தார். பேர் 'கௌரி'. படத்தில் இருந்தவள் ரோஜாப்பூ நிறம். கௌரி என்றாலே வெளுப்பானவள் என்றுதான் அர்த்தம் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டுகிற மல்லம்மா சொன்னாள். அப்போது நாங்கள் பதினாறு பெண்கள் முழங்கை வரை கரித்தூளோடு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பத்தி கருப்பு, உருட்டற கையி கருப்பு, அட்டையில மட்டும் எதுக்குங்க இந்த வெள்ளைக்காரி?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்காமல் படத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தொலைந்தது நம் வேலை என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு நான்காம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, படம் வரைகிறவர் முன்னால் ஸ்டூலில் உட்காரச் சொல்லி, பத்திக்குக் 'கரிமணி' என்று பேர் வைக்கப்போவதாகச் சொன்னார். அவர் கன்னடக்காரர், எங்களோடு தமிழ் கலந்து பேசுவார். "கரிமணின்னா எங்க ஜனங்க தாலில கோக்கறதும்மா, மங்களம். உன் பேரும் மணி. பேஜார் ஆகுதுன்னா சொல்லு, விட்டுடறேன்" என்றார். மனசு நோகுமா என்றுதான் கேட்டார். என் நிறத்தைப் பற்றிப் பேசினவர்கள் ஆயிரம் பேர், நோகுமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அதன் பிறகு அவர் படக்காரரிடம், "இருக்கற கலரையே போடப்பா, கம்மி பண்ணாதே" என்றார்.

அட்டை அச்சாகி வந்த அன்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்குத்தி முதற்கொண்டு நான்தான். சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு தமிழ் எழுத்துப் போட்ட பாக்கெட்டுகள் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துக் குண்டலுபேட்டைக் கடைகளுக்குப் போயின. என் தம்பி அங்கே தக்காளி லோடு இறக்க வருகிறவன். நேற்றுக் காலை ஒரு கடையில், "ஏனுங் மாதப்பா, உங்கக்காளைக் கரின்னு அட்டையிலயே போட்டுப்போட்டாங்களே!" என்று யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் தாலி என்றால் மஞ்சள் கயிறு. கருமணி கோக்கிற வழக்கம் கிடையாது. கரி என்றால் அடுப்புக்கரிதான். அவன் லோடை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறி மைசூருக்கு வந்து, "எங்கக்காளக் கரின்னு சொல்ல நீ யாருடா?" என்று கத்திக்கொண்டே எடைக்கல்லைத் தூக்கி எறிந்தான். கண்ணாடிச் சில்லு பட்டு முதலாளியின் கையில் இரத்தம் வந்தது. அதன் பிறகு நான் ஓடிவந்து தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் யாரையும் அடிக்கவில்லை.

இன்று காலை இந்தப் போலீஸ் நிலையத்து வாசலில் வக்கீல் குமாஸ்தா ஒருவர், "மனசு புண்பட்டுச்சுன்னு ஒரு வரி சொல்லும்மா, கேஸ் உங்க முதலாளி மேல திரும்பிடும், தம்பி வீட்டுக்கு வந்துடுவான்" என்றார். தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். நேற்றிலிருந்து அவன் லாக்கப்பில் இருக்கிறான். ஆனால் அந்த வரியை நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு ரோஷம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1984-ல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அப்பா இல்லாததால் தம்பிதான் சபையில் பேசினான். "அக்கா கருப்பா இருந்தாலும் கைவேலை சுத்தமுங்க" என்றான். கருப்பு என்றது எனக்கு உறைக்கவில்லை, அது ஊருக்கே தெரியும். அந்த 'இருந்தாலும்'தான் சுட்டது. என்னமோ நான் தப்புப் பண்ணிவிட்டு வந்து நிற்கிற மாதிரியும், அவர்கள் பெரிய மனசு பண்ணி மன்னிக்கிற மாதிரியும். பாசத்தில் சொன்னான் என்பதால் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இந்த நிலையத்தில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவன், "அப்பிடின்னா அந்தக் கல்ல என் மண்டையில போட்டிருக்கலாமே அக்கா" என்று சொல்லி அழுதான்.

எனக்காக ஒருத்தன் கோபப்பட்டு அறுபது கிலோமீட்டர் வந்திருக்கிறான். தப்பான இடத்துக்கு வந்தான், ஆனால் வந்தானல்லவா. அந்த நன்றி எனக்கு உண்டு. முதலாளியிடமும் எனக்கு அதே நன்றி உண்டு. கண்ணாடியைத் தம்பி தன் கையாலேயே மாட்டிக் கொடுக்கட்டும், அவனை மன்னித்து விட்டுவிடுங்கள் என்று முதலாளியைக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். பத்தியின் பேரை மாற்ற வேண்டாம்.

ஏட்டையா எழுதினதைப் படித்துக் காட்டினார். அங்க அடையாளம் எழுதும் இடத்தில் என்னை 'மாநிறம்' என்று போட்டிருந்தார். "ஏனுங்கையா, நான் மாநிறமுன்னா எந்தம்பி எதுக்குங்க கல்லெடுத்தான்?" என்று கேட்டேன். அவர் மாநிறத்தை அடித்து, கருப்பு என்று எழுதி, திருத்தத்தின் பக்கத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். இப்போது மேலே இருப்பதெல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது, எல்லாம் நிஜம்.

(ஒப்பம்)
மா. பொன்மணி