வேலை கேட்டு ஒரு காகிதம்

ஆம்பூரில் ஒரு புருஷனும் பெண்சாதியும் ரயிலேறி என் எதிரில் உட்கார்ந்தார்கள். அவர் தோல் மண்டி குமாஸ்தா. சட்டையிலேயே அந்த வாடை. முறுக்குத் தூக்கை நகர்த்தி இடம் விட்டேன். அவளுக்கு வாத்தியாரம்மா வேலை கேட்டு அவர் இங்கிலீஷில் எழுதிய காகிதத்தைக் காட்பாடி மிஷன் பள்ளிக்கூடத்தில் கொடுக்கப் போகிறார்களாம். எனக்கு எழுத்தே தெரியாது. சண்டை நன்றாகப் புரிந்தது.

“இன்னாங்க இது? வரிக்கு வரி ‘மை ஒய்ஃப்’, ‘மை ஒய்ஃப்’னு! வேலை கேக்கறது நானா, நீங்களா?”

“புருசன் எழுதிக் கேட்டாத்தான் மரியாதை.”

“ரெண்டு வருசம் ட்ரெய்னிங் படிச்சது யாரு? நானே படிச்சேன், ‘மைசெல்ஃப்’னு ஒரு எடத்துல இருக்குதா?”

“அது கர்வமாத் தெரியும்.”

“உங்க ‘மை’ மட்டும் பணிவா இருக்குதா?”

விரிஞ்சிபுரம் வந்தது. நான் இறங்க வேண்டிய ஊர், இறங்கவில்லை. அவள் காகிதத்தை நாலாகக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விட்டாள். வேறு காகிதம் எடுத்து, மடியில் பைபிளை வைத்து, அதன்மேல் தானே எழுத ஆரம்பித்தாள்.

அவர் எட்டி எட்டிப் பார்த்தார். “இதுல நான் எங்கதான் வர்றேன்?”

“கடைசியில விலாசம் எழுதுவேன் இல்ல, ‘கேர் ஆஃப்’னு? அங்க வாங்க.”