கறுவா எண்ணெயில் பிடிபட்ட கள்ளன்

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரைக் கும்பிட வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கறுவாப்பட்டை எண்ணெய் விற்கும் ஒருவர், அதைச் சோதித்துக் கொடுத்த ஆய்வுகூடப் பிள்ளையிடம் கதைத்துக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, உங்கட மெஷினுக்கு மூக்கு இருக்கோ?”

“அதைவிடத் திறம் அண்ணை. ஒரு துளியை ஆவியாக்கி, நீளமான மெல்லிய குழாய்க்குள்ள விடும். உள்ளதெல்லாம் ஒவ்வொண்டாப் பிரிஞ்சு வரும். பிறகு ஒவ்வொண்டையும் உடைச்சு, துண்டுகளின்ட பாரத்தைப் பார்த்து இன்னதுதான் எண்டு சொல்லும்.”

“அப்ப என்ட பட்டை எண்ணெயில விலை மலிஞ்ச கறுவா இலை எண்ணெய் கலந்திருக்கு. மச்சான்தான் வடிச்சுத் தந்தவன். கள்ளன் எண்டு ஏசிப்போட்டன்.”

“நீங்கள் சோதிக்கத் தந்த ரெண்டில, மச்சான் சீல் வச்சுத் தந்த போத்தல் சுத்தம் அண்ணை. உங்கட பிளாஸ்டிக் கானில எடுத்ததிலதான் இலை எண்ணெய். அதில முந்தி என்ன வச்சனீங்கள்?”



“இலை எண்ணெய். ஆனா சவர்க்காரம் போட்டுக் கழுவினனான்.”

“எங்கட மூக்குக்கு அது போதும். மெஷினுக்குக் காணாது. பிளாஸ்டிக்கில ஊறின எண்ணெய் சவர்க்காரத்துக்குப் போகாது.”

கடவுள் மனிதருக்குக் கொடுத்த அறிவை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. எண்ணெய்க்காரர் போனை எடுத்தார்.

“மச்சான், கோவிக்காதை. கள்ளனைப் பிடிச்சாச்சு. என்ட கான்தான்.”