தொட்டி கழுவுற ஆமை

…இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க. வண்டிய ஓட்டிப் பாக்கறேன்னு ஒரு மனுஷன் சொன்னா இன்னா பண்ணணும்? அந்தப் பனமரம் வரைக்கும் போவணும், திரும்பி வரணும். அவ்ளோதான? எங்க வூட்டுக்காரரு பாகூருக்கே பூட்டாரு! டீக்கடையில நிறுத்துவாரு, உரக்கடையில நிறுத்துவாரு, சொசைட்டி வாசல்ல நிறுத்துவாரு. தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாங்கிட்டயும் ‘ஓட்டல்லேருந்து குடுக்கறாங்க’ன்னு சொல்லிகினு இருப்பாரு. இன்னும் கைமாறவே இல்ல, அதுக்குள்ள உங்க மொபெட்டு அவுருதாம்! ஒரு மிஷின குடுத்து ஒரு வண்டிய வாங்கறதுக்கு இவ்ளோ ஊர்கோலமா?

நீங்க நெழல்ல உக்காருங்க. அந்தக் கட்டிலு வாணாம், கயிறு தொங்கிப் போச்சு. இப்பிடி தொட்டிக் கட்டை மேல உக்காருங்க. பேன்ட்டுல சுண்ணாம்பு ஒட்டாது, நேத்துதான் கழுவினது.

மோட்டாரா? இப்ப ஓடாது தம்பி. த்ரீ பேஸ் ரெண்டு மணிக்குத்தான் வரும். சில நாளு மூணு ஆவும். சில நாளு வரவே வராது. நம்பவே முடியாது. அதுக்காவ நீங்க வெயில்ல காத்துகினு கெடக்கணும்னு இல்ல, கெளம்பறதுன்னா கெளம்பலாம்… ஆங், வண்டி அவருகிட்ட கீது இல்ல. செரி, உக்காருங்க.

அதுக்குள்ள நான் உள்ளத உள்ளபடி சொல்லிடறேன். நாளைக்கி ஓட்டல் மொதலாளி உங்களக் கேட்டா நீங்க என்னத் திட்டக் கூடாது பாருங்க. தோ, தண்ணிக்குள்ள நீலமா படுத்துகினு கீதே, ஆமை மாதிரி, அதான் மிஷினு. அதும் முதுகுலேருந்து போற ஓசு பைப்பு மோட்டாரு உறிஞ்சற எடத்துல மாட்டியிருக்கு. மோட்டாரு தண்ணிய இழுக்க ஆரம்பிச்சா, அந்த இழுப்புலயே இது டொக்கு டொக்குனு தானா ஊந்துகினு போவும். பாசி, சேறு, எலை, எல்லாத்தையும் உறிஞ்சி தண்ணியோட தண்ணியா மேட்டுக் கொல்லி கரும்புக்கு அனுப்பிடும். யாரும் இழுக்க வாணாம், யாரும் தள்ள வாணாம். கேக்க நல்லாத்தான் இருக்கும். வச்சிகினு மாரடிக்கிறவளுக்குத்தான தெரியும்!

எங்க வூட்டுக்காரரு என்னையும் மிஷின நல்லதாச் சொல்லச் சொல்லிட்டுத்தான் போனாரு. எனக்கு அப்பிடி அளக்க வராது தம்பி.

மொதல்ல, இது கண்டதையும் முழுங்குது. போன மாசம் ஒரு லைப்பாய் சோப்பு, பாதிகூட கரையல, முழுங்கிடுச்சு. பக்கத்து வூட்டு தையலம்மாளோட கொண்டை ஊசி ரெண்டு. ஒரு தவளை… அது கொல்லியில வாய்க்காலுக்குப் போயி முழுசா வெளிய வந்து விழுந்து, ஒரு நிமிஷம் அப்பிடியே மெரண்டு போயி உக்காந்து, அப்பறம் தாவி ஓடிச்சு. சிரிச்சி சிரிச்சி வவுறு வலிச்சிது எனக்கு. ஆனா உங்க ஓட்டல்ல வெள்ளைக்காரங்க குளிப்பாங்க. அவுங்க கழட்டி வச்ச மோதிரம் கீதிரம் உள்ள பூடுச்சின்னா யாரு பதில் சொல்றது? உங்களத்தான புடிப்பாங்க?

ரெண்டாவது எருமை. ஆமா, எருமைதான். முன்னாடியெல்லாம் தொட்டியில வாய வச்சி வவுறு முட்ட தண்ணி குடிக்கும். இப்ப மாட்டேங்குது. இன்னாடான்னு பாத்தா, தரை அவ்ளோ சுத்தம், தண்ணி அவ்ளோ தெளிவு, அதோட மூஞ்சி அதுக்கே தெரியுது! பயந்துகினு நாலு அடி பின்னால போவுது. வாளியில மொண்டு ஊத்த வேண்டியிருக்கு. இது ஒரு வேலையா எனக்கு?

உங்க ஓட்டல்ல எருமை இல்லைங்களா. செரி. இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

மூணாவது… மூணாவது இன்னா சொல்ல வந்தேன்? ஆங், கூட்டம். மணி ரெண்டானா தெருப் பொம்பளைங்க அத்தினி பேரும் துணி மூட்டையத் தூக்கிகினு இங்க வந்துடுதுங்க. ஏரியில போயி தொவைக்க மாட்டாங்களாம். இது ஊர்றத பாக்கறதுக்கு. டி.வி. வாங்கின சிவப்பிரகாசம் வூட்லகூட இவ்ளோ கூட்டம் இல்ல. அந்த ஆளு பொறாமையில என்கிட்ட பேசறதே இல்ல, ரெண்டு மாசமா. பேசலன்னா போவட்டும். அவுரு பொண்டாட்டியே இங்கதான் வந்து உக்காந்துகினு கீறா!

இது எப்பிடி எங்ககிட்ட வந்துச்சுன்னு கேளுங்க. எங்க நாத்தனா வூட்டுக்காரரு சிங்காரவேலு. பிரான்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்து பென்ஷன் வாங்கினவரு. பென்ஷன் வந்தும் சும்மா கெடக்கல, மர்சேன்னு அங்க ஒரு ஊரு, அதுல ஒரு பணக்கார வூட்ல தோட்டம் பாத்துகினு இருந்தாரு. அந்த வூட்ல குளிக்கறதுக்குன்னே ஒரு கொளம் கட்டியிருக்காங்க. அதுக்கு புதுசா ஒரு மிஷினு வாங்கினதும் பழசத் தூக்கி இவருகிட்ட குடுத்துட்டாங்க. இவரு அதப் பொட்டியில போட்டு ஏரோப்ளேன்ல ஏத்திகினு வந்துட்டாரு. எல்லாருக்கும் சென்ட்டு பாட்டிலு. எங்க ஓர்ப்படிக்கு சில்க்கு துணி. எனக்கு இது! பொட்டியத் தொறந்ததும் எனக்கு அழுவையே வந்துடுச்சி. பைப்பு ஒருபக்கம், ரப்பரு ஒருபக்கம், ஆட்டுக் கொடலு மாதிரி. ‘இன்னா அண்ணே, எனக்குன்னு ஒரு சோப்பு டப்பாகூட கெடைக்கலியா’ன்னு கேட்டுட்டேன். மனுஷன் லுங்கிய மடிச்சிக் கட்டிகினு தொட்டியில எறங்கி, மூணு நாளு முட்டி மோதி மோட்டாரு பைப்புல இத மாட்டிக் குடுத்துட்டுத்தான் ஊருக்குப் போனாரு.

அவரு ஏன் எனக்குன்னு கொண்டாந்தாருன்னா… அது கெடக்கட்டும் வுடுங்க.

மணி இன்னா ஆவுது? ஒண்ணே முக்காலா. தண்ணி குடிக்கறீங்களா? மோரு? வாணாமா?

நாலாவது கொறை, ஓசு. பாம்பு மாதிரி சுத்திக்கும். ஒருவாட்டி சுத்திகிச்சின்னா மிஷினு ஒரே எடத்துல நின்னுகினு தலைய ஆட்டிகினே இருக்கும். யாராவது பக்கத்துலயே இருந்து பாக்கணும். நான் இருக்கேன், பாக்கறேன். மத்தியானம் சோறு தின்னதும் தோ நீங்க உக்காந்துகினு கீறீங்களே, அதே எடத்துல உக்காந்துடுவேன். காலத் தொங்கப் போட்டுகினு. அது இந்தப் பக்கம் போவும், சொவுத்துல முட்டும், கொஞ்ச நேரம் யோசிக்கும், அந்தப் பக்கம் திரும்பும். அதுக்கு கண்ணு இல்ல, ஆனா ஒரு எடம் உடறதில்ல தம்பி. பாத்துகினே இருந்தா மூணு மணி நாலாவறது தெர்ல. எங்க அம்மா வூட்லகூட நான் அப்பிடி உக்காந்தது… ஆனா ஓசு கொறைதான். பெரிய கொறை. எழுதிக்குங்க.

உங்க ஓட்டலுக்கு யாரு சொன்னாங்க, இப்பிடி பாகூராண்ட ஒருத்தி வூட்ல மிஷினு கீதுன்னு? சமையக்காரரா? ஓ. அவுரு பொண்டாட்டி சொன்னாளா.

இன்னா சொல்றது போங்க. அவ தையலம்மாளோட தங்கச்சி. ஆடி மாசம் வீராம்பட்டினம் தேருக்கு எல்லாருமா போயிருந்தோம். அந்தக் கூட்டத்துல, வெயிலுல, தர்பூசு தின்னுகினு நிக்கிறப்போ அவ சொல்றா, ‘எங்க வூட்டுக்காரரு ஓட்டல்ல நீச்சல் கொளம் கட்டியிருக்காங்க, அதக் கழுவ ரெண்டு ஆளு முங்கி முங்கி எழுந்துக்கறாங்க’ன்னு. நான் வாய மூடிகினு இருக்கலாமில்ல? ‘ஆளு எதுக்குடி, எங்க வூட்டு மிஷினு தண்ணிக்குள்ள தானாப் போயி கழுவுது’ன்னு ஆரம்பிச்சேன் பாருங்க… தேரு நெலைக்கு வர்ற வரைக்கும் நிறுத்தல. அது சொவுருல ஏறுதுன்னேன், மூலைக்கி மூலை பூந்து வருதுன்னேன், பட்டணத்துல எவங்கிட்டயும் இந்த மாதிரி இல்லன்னேன். அதான் தம்பி, இன்னிக்கி நீங்க வந்து உக்காந்துகினு கீறீங்க. வேற யாரையும் சொல்லிக் குத்தமில்ல.

ஐயே… ஸ்டார்ட்டரு மேல பல்பு எரியுது. கரண்டு வந்துடுச்சா? இன்னும் ரெண்டு ஆவலயே! என்னிக்கும் லேட்டா வர்ற சனியன் இன்னிக்கி பாத்து…

ஸ்டார்ட்டரு தொடாதீங்க தம்பி! ஷாக்கு அடிக்கும். போன வாரம்கூட… போட்டுட்டீங்களா. செரி. செரி, பாருங்க. நகராது. பாருங்க, நகருதா? இல்ல பாருங்க. பழைய மிஷினு, வயசாயிடுச்சி, இழுவையே…

நகருது.

இப்பிடித்தான் கொஞ்ச தூரம் போவும். அப்பறம் நின்னுடும். மேடு வந்தா ஏறாது… ஏறிச்சா? ஏறும், அந்த மேடு ஏறும். சொவுரு ஏறாது. அந்த வடக்கு மூலைய பாருங்க, அங்கதான் பாசி நெறைய, அங்க போவவே… தோ போவுது பாருங்க! அந்த மூலைய என்னிக்குமே உடமாட்டா அவ! நேரா போயி முட்டுவா பாருங்க, முட்டிட்டு ஒரு சாயிப்பு சாய்வா, அப்பறம் சொவுத்தப் புடிச்சி… ஏறுடி! ஏறு, ஏறு, அப்பிடித்தான்! பாத்தீங்களா தம்பி! பின்னால பாருங்க, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி எப்பிடி வெள்ளையா ஒரு பட்டை! உங்க ரெண்டு ஆளும் ஒரு நாளு முழுக்க முங்கினாலும் இப்பிடி வருமா?

…

ஏன் சிரிக்கிறீங்க?

இல்ல தம்பி. நான் சொன்ன கொறை எல்லாம் நெசம்தான். சோப்பு நெசம். எருமை நெசம்.

இன்னா கேட்டீங்க? இது வர்றதுக்கு முன்னாடி யாரு கழுவினாங்கன்னா?

யாரு கழுவுவாங்க. நான்தான்.

வாரத்துல ஒரு நாளு தண்ணிய முட்டிக்கால் அளவு வடிச்சிட்டு, தேங்கா நாரும் செங்கத்தூளும் எடுத்துகினு எறங்குவேன். நாலு சொவுரு, தரை. காலைல எறங்கினா மத்தியானம் ஆவும். இருவத்திரெண்டு வருஷம் தம்பி. கல்யாணம் ஆயி வந்த மறுமாசம் எறங்கினது. ரெண்டு புள்ள வவுத்துல இருந்தப்போவும் எறங்கினேன். முந்தின வருஷம் கார்த்திய மாசம் பாசி வழுக்கி உள்ளயே வுழுந்தேன். இந்தக் கைய பாருங்க, மணிக்கட்டு கோணலா இல்ல? கட்டு போட்டுகினு கெடந்தப்போதான் சிங்காரவேலு அண்ணன் ஊருக்கு வந்திருந்தாரு. வந்தவங்க எல்லாரும் ‘விருத்தாம்பா, பாத்து நடக்கக் கூடாதா’ன்னு கேட்டாங்க. அவரு மட்டும் போயி தொட்டியப் பாத்துட்டு வந்தாரு. அடுத்த வருஷம் இது வந்துச்சி.

எங்க வூட்டுக்காரரு கெட்டவரு இல்ல தம்பி. அவருக்கு மொபெட்டுல போவணும்னு ஆசை, எனக்குத் தெரியாதா? கரும்பு வெட்டு ஆர்டருக்கு ஆலைக்கும் சொசைட்டிக்கும் நடந்து நடந்து அவரு காலும் தேய்ஞ்சிதான் போச்சு. ஆனா தொட்டிய யாரு கழுவறதுன்னு அவருக்குத் தோணவே இல்ல. ஒரு வார்த்தை கேக்கல. இருவத்திரெண்டு வருஷமா அது தானாவே சுத்தமாவுதுன்னு நெனச்சிகினு இருக்காரு போல. எனக்கு அதான் தம்பி தாங்கல.

இத எடுத்துகினு போயிடாதீங்க. போனா மறுபடியும் நான்தான் எறங்கணும். இந்தக் கையி இனிமே தேய்க்காது.

டுப்பு டுப்புன்னு சத்தம் கேக்குது. பாலத்தாண்ட வந்துட்டாரு. ஓட்டறதப் பாருங்க, ரோட்ட ரெண்டு பக்கமும் அளந்துகினு!

இன்னா சொல்லப் போறீங்க அவருகிட்ட? மிஷினு வாணாம்னு நீங்களே சொல்லிடுவீங்களா? நெசமாவா? நீங்க நல்லா இருக்கணும் தம்பி, உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும். ஏன் வாணாம்னு கேப்பாரே. காரணம் இன்னான்னு சொல்லுவீங்க?

எங்க ஓட்டல் கொளம் பெருசு, இது ரொம்பச் சின்னது, தாங்காதுன்னா?

சின்னதா? எது சின்னது? எங்க மிஷினா? இன்னா தம்பி பேசறீங்க! மர்சேல எம்மாம் பெரிய கொளத்தக் கழுவினதுன்னு தெரியுமா உங்களுக்கு? உங்க ஓட்டல் கொளம் எவ்ளோ பெருசா வேணும்னாலும் இருக்கட்டும், கொண்டு போயி உள்ள உடுங்க, ரெண்டே நாளு, ரெண்டு நாளுல ஒரு தூசு…

…

வண்டிய நிறுத்தறாரு. ஸ்டாண்டு போடத் தெர்ல பாருங்க.

சின்னதுதான் தம்பி. ரொம்பச் சின்னது. அப்பிடியே சொல்லுங்க.